வேன் திருடனின் அம்மா

அத்தியாயம் 11

அந்தப் புடவையைத் தொட்ட கையை ஜெனிஃபர் சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்று முறை கழுவியும் போதவில்லை.

அரக்கு நிறத்தில், அகல ஜரிகை போட்ட பட்டு. முந்தின நாள் மாலை வைத்தீஸ்வரனின் மேனேஜர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. கூடவே ஒரு அழைப்பிதழ். 'குவைத் போர்முனையில் பதினோரு செவிலியரின் உயிர் காத்த மாமனிதர் திரு. வைத்தீஸ்வரன் அவர்களுக்குப் பாராட்டு விழா. ஞாயிறு காலை பத்தரை மணி, மல்லேஸ்வரம்.' கீழே, 'மாலை அணிவிப்பவர்: காப்பாற்றப்பட்ட செவிலியர் செல்வி ஜெனிஃபர்.'

அவளைக் கேட்காமலே அச்சடித்திருந்தார்கள்.

குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்து எட்டு மாதம். அவள் உயிரோடு பெங்களூர் வந்து சேர்ந்து ஏழு மாதம். போரே முடிந்துவிட்டது. ஆனால் லிங்கராஜபுரத்து வீட்டின் மேலே விமானம் தாழப் பறந்தால் இன்னும் அவள் கண் தானாகக் கட்டிலுக்கு அடியில் போகிறது. அங்கே நடந்ததில் வீட்டில் சொன்னது கொஞ்சம். சொல்லாதது அதிகம்.

"கட்டிக்கோ ஜெனி" என்றாள் அம்மா பியாட்ரிஸ். கோயில் பூசைக்குக் கிளம்பி, தலையில் முக்காட்டோடு வாசலில் நின்றிருந்தாள். "ஒரு மணி நேரந்தான். மாலையப் போட்டுட்டு வந்துடு."

"அந்த ஆளுக்கா?"

"ஆளு எப்டி இருந்தா நமக்கு இன்னா? பிரபா பாஸ்போர்ட்டு அவர் கையில இருக்கு. மஸ்கட்டு விசா வந்துடுச்சுன்றாரு. நீ மொகத்தத் திருப்பிக்கினா இவன் கதி இன்னா ஆவறது?"

பிரபா ஜெனிஃபரின் தம்பி. இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஏழு மாதமாக அக்காளும் தம்பியும் எதிரெதிர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா பெர்னார்ட் கோலார் தங்கவயல் சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம்.

"அக்கா, நீ வராட்டி பரவால்ல" என்றான் பிரபா, தரையைப் பார்த்தபடி. "ஒடம்பு சரியில்லன்னு நான் போய்ச் சொல்ட்டு வரேன்."

அவன் கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பாள். இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

"வரேன்" என்றாள். "அந்தப் பொடவ மட்டும் வேணாம்."

வெளுத்த நீலப் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சிவாஜி நகரில் பஸ் மாறி மல்லேஸ்வரம் போய்ச் சேரும்போது மண்டப வாசலில் நாதஸ்வர கேசட் அலறிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி பன்னீர் தெளித்தாள். இன்னொருத்தி தட்டை நீட்ட, ஜெனிஃபர் யோசிக்காமல் ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மூன்றாமவள் பளபளவென்று ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தாள். வைத்தீஸ்வரன் புதிதாகத் திறக்கப்போகும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஆபீஸின் விளம்பரம் அது.

அட்டையில் அவள் படம்.

ஜோர்டான் எல்லையில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் எடுத்தது. கிழிந்த வெள்ளைக் கோட்டில், இடுப்பில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு நிற்கிறாள். அசல் படத்தில் பக்கத்தில் இன்னொருவன் நின்றான். இதில் அவன் முழங்கையும், அது பிடித்திருந்த தண்ணீர் கேனின் பிடியும் மட்டும் இருந்தன. வெட்டின இடத்தில் முட்டை வடிவத்தில் வைத்தீஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிரபா உள்பக்கத்தைப் படித்தான். சத்தமாகவே படித்தான்.

"'துப்பாக்கிகளுக்கு நடுவே பதினோரு செவிலியரையும் தாமே வேனில் அழைத்து வந்து எல்லை சேர்த்தார். அங்கே டிரைவர் உத்தமன் என்பவன் வேனைத் திருடிக்கொண்டு தலைமறைவான போதும் மனம் தளராமல்...' யாருக்கா இந்த உத்தமன்?"

ஜெனிஃபர் செருப்பு விடுகிற இடத்தில் இருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஆளு எங்கள இட்டுக்கினு வரல பிரபா."

"இன்னா?"

"படை உள்ள வந்து அஞ்சாம் நாளே பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கினு கார்ல ஓடிட்டாரு. கார் மேல கார்ப்பெட்டு கட்டிக்கினு போனாரு. மூணு கார்ப்பெட்டு. ரெண்டு நாள்ல வரேன்னு எங்களுக்குப் போன்ல சொன்னாரு. எங்க பதினேழு பேர் பாஸ்போர்ட்டும் அவர் ஆபீஸ் இரும்புப் பெட்டியில."

பிறகு அவள் சொன்னாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக.

வைத்தீஸ்வரன் நடத்திய கிளினிக்கில் டாக்டர்கள் இல்லை. படுக்கையில் பதினோரு நோயாளிகள் இருந்தார்கள். பதினேழு நர்ஸ்களும், ஒருத்திக்கும் இருபத்தாறு வயதுக்கு மேல் இல்லை, அவர்களாகவே மருந்து கொடுத்து, கட்டுப் பிரித்துக் கட்டி, நகர முடிந்த ஒவ்வொரு நோயாளியையும் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப் போகும்வரை நின்றார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் ஊரை விட்டு நகரவும் முடியாது.

உத்தமன் கிளினிக் வேன் டிரைவர். பெங்களூருக்குப் பக்கத்து அத்திபெலேக்காரன். இருபத்து நாலு வயது. அதுவரை 'குட் மார்னிங் சிஸ்டர்' தவிர ஒரு வார்த்தை பேசியவனில்லை. ஒருநாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு வைத்தீஸ்வரனின் பூட்டின ஆபீஸுக்குப் போனான். தெரு முழுக்கச் சிப்பாய்கள். ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே இறங்கி, சாயங்காலம் வரை அந்த இரும்புப் பெட்டியோடு மல்லுக்கட்டினான். வெளியே வரும்போது பிடித்துவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டார்கள். சட்டைக்கு உள்ளே வயிற்றோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

"வந்து எங்க முன்னாடி துண்ட அவுத்துப் போட்டான். பல்லு ரெண்டு ஒடஞ்சு ரத்தம் ஒழுவுது. எண்ணிப் பாருங்க சிஸ்டர், பதினேழு இருக்கான்னு கேட்டான்."

பிரபா புத்தகத்தை மூடினான்.

வேனில் பதினோரு பேருக்குத்தான் இடம். நகர்த்த முடியாத இரண்டு நோயாளிகளோடு ஆறு பேர் தங்க வேண்டியிருந்தது. சீட்டுப் போட்டார்கள். ஜெனிஃபருக்குப் போகிற சீட்டு வந்தது.

"சந்தோஷப்பட்டேன்டா" என்றாள். "அந்த ஆறு பேர் மூஞ்சியப் பாத்துக்கினே சந்தோஷப்பட்டேன்."

மூன்று நாள் பாலைவனம். பாஸ்ரா, பாக்தாத், அப்புறம் ஜோர்டான் எல்லை. வழியில் ஒன்பது இடத்தில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் உத்தமன்தான் முதலில் இறங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். எல்லையில் அவர்களை இறக்கிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, கேன்களில் தண்ணீர் பிடித்து ஏற்றினான். எங்கே என்று கேட்டதற்கு, 'மிச்சம் ஆறு பேர் இருக்காங்கல்ல சிஸ்டர்' என்றான். சிப்பாய்கள் நிற்கும் அதே வழியில் திரும்பிப் போனான்.

அக்டோபரில் அந்த ஆறு பேரும் வேறு ஒரு பஸ்ஸில் தப்பி வந்தார்கள். தங்களிடம் எந்த வேனும் வரவில்லை என்றார்கள்.

"அவங்க அம்மா விலாசம் சொல்லிட்டுத்தான் போனான். பாஞ்சாலி, பஸ் ஸ்டாண்டுல கீரை விக்கறாங்கன்னு. மார்க்கெட்ல ஏறினா ஒரு மணி நேரத்துல அத்திபெலே. ஏழு மாசமா நான் போகல. போய் இன்னான்னு சொல்றது? எங்கள எறக்கிவிட்டுட்டு உங்க மவன் சாவப் பூட்டான், நான் போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லல, இதச் சொல்றதா?"

வைத்தீஸ்வரன் மீது இருந்த அருவருப்பு புரிகிற அருவருப்பு. தன் மீதே இருந்ததை எந்தச் சோப்பாலும் அவளால் கழுவ முடியவில்லை.

"மேடம்! இங்கயா உக்காந்திருக்கீங்க?" மேனேஜர் வியர்வையோடு ஓடிவந்தார். "சார் மேடைக்கு வந்தாச்சு. வாங்க."

மண்டபம் நிறைந்திருந்தது. பின் வரிசைகளில் நர்ஸிங் முடித்த பெண்கள், மடியில் ஃபைலோடு. முன் வரிசையில் பட்டும் ஜிப்பாவும். அந்த வரிசையின் கடைசி நாற்காலியில், விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கறுத்து வெடித்த விரல்கள். யாரோ அவள் புடவையில் ஒரு ரோஜாப்பூ பேட்ஜைக் குத்திவிட்டிருந்தார்கள்.

மேனேஜர் ஜெனிஃபரின் காதருகே குனிந்தார்.

"நீங்க மாலை போட்டதும் அடுத்த ஐட்டம் இந்தம்மா. அந்தத் திருட்டு டிரைவரோட தாய். சார் மேடையிலயே பெரிய மனசோட மன்னிச்சு, ஒரு தையல் மிஷின் குடுக்கறார். ரொம்ப டச்சிங்கா இருக்கும். பேப்பர்காரங்க எல்லாம் வந்திருக்காங்க."

வாயில் மிச்சமிருந்த கல்கண்டு சட்டென்று கசந்தது. ஜெனிஃபர் அதைக் கைக்குட்டையில் துப்பினாள்.

அந்தப் பெண்மணி அவளைப் பார்த்தாள். புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, இது நீதானே? நீ குவைத்துல இருந்தியா?"

"இருந்தேம்மா."

"எம் மவனப் பத்தித் தகவல் சொல்றோம்னு கார் வெச்சுக் கூட்டியாந்தாங்க. வந்து ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் சொல்லல." குரலைத் தாழ்த்தினாள். "அவன் வண்டியத் திருடிக்கினு ஓடிட்டான்னு சொல்றாங்களே. நெசமா? ஊர்ல என்னை வேன் திருடனோட அம்மான்னுதான் கூப்புடறாங்க. கீர வாங்க வர்றவங்க கூட."

மேடையில் மைக் கரகரத்தது. "அடுத்ததாக, செல்வி ஜெனிஃபர் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!"

ஜெனிஃபர் பாஞ்சாலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பொய்ம்மா" என்றாள். "நான் சொல்றேன். மொதல்லேர்ந்து சொல்றேன்."

சொல்லத் தொடங்கினாள். கடப்பாரை. இரும்புப் பெட்டி. துண்டில் கட்டின பாஸ்போர்ட். மைக் இரண்டாம் முறை அழைத்தது. அவள் நிமிரவில்லை. பாஞ்சாலி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், வலிக்கும்படி. மூன்றாம் முறை அழைத்தபோது முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் அவள் தோளைத் தொட வந்தார். பிரபா குறுக்கே நின்றான்.

"பேசிக்கினு இருக்காங்கல்ல? இரு."

வைத்தீஸ்வரனே மைக்கோடு இறங்கி வந்தார். பட்டு ஜிப்பா, நாலு விரலில் மோதிரம், நாலடி தூரத்துக்கு அத்தர் வாசனை. முகத்தில் அதே முட்டை வடிவப் புன்னகை.

"பாவம், குழந்தை! பழசை நெனச்சு பயந்து போயிருக்கா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஜெனிஃபரின் தலையில் கை வைத்தார். ஆசீர்வாதம் செய்வதைப் போல. கேமரா மின்னியது.

கை ஈரமாக இருந்தது. ஜெனிஃபருக்கு உச்சந்தலையில் ஏதோ ஊர்வது போல இருந்தது.

"கையை எடுங்க சார்."

மைக் மிக அருகில் இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது.

வைத்தீஸ்வரன் கையை எடுத்தார். ஆனால் சிரிப்பை எடுக்கவில்லை. "சரி சரி, உணர்ச்சிவசப்படாதே" என்றார்.

அப்போது பாஞ்சாலி எழுந்தாள். அவர் தோள் உயரம்கூட இல்லை. இரண்டு கையையும் கூப்பியபடியே கேட்டாள்.

"சாமி, எம் மவன் வேன்ல இந்தப் பொண்ணுங்கள நீங்கதான் கூட்டியாந்தீங்களா?"

"ஆமாம்மா. நான்தான். நடந்தது நடந்துபோச்சு, உன்மேல எனக்குக் கோபமில்ல."

"மூணு நாளும் வண்டியிலயே வந்தீங்களா?"

"மூணு நாளும்."

"எந்த சீட்டுல சாமி உக்காந்திருந்தீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வைத்தீஸ்வரனும் சிரித்தார்.

"முன் சீட்லதாம்மா. உன் பையன் பக்கத்துல. வழி சொல்லிக்கிட்டே வந்தேன்."

"முன் சீட்டே கிடையாது" என்றாள் ஜெனிஃபர்.

அவள் எழுந்து நின்றாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே அதைக் கழட்டிப் போட்டுட்டான். அந்த எடத்துல ரெண்டு தண்ணி டிரம் கட்டியிருந்தோம். பதினோரு பேரும் அந்தத் தண்ணியத்தான் குடிச்சோம். நீங்க எந்த டிரம்முக்குள்ள சார் குந்திக்கினு வந்தீங்க?"

வைத்தீஸ்வரன் முகத்தில் ஒன்றும் வெட்கம் வந்துவிடவில்லை. ஒரு எரிச்சல்தான், சாப்பாட்டில் முடி கிடந்தது போல. மேனேஜருக்குக் கண் காட்டினார். மைக் செத்தது. அடுத்த நிமிஷம் நாதஸ்வர கேசட் மறுபடி அலறியது.

"அன்பர்கள் அனைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள்.

போனார்கள். அதுதான் ஜெனிஃபரால் தாங்க முடியாததாக இருந்தது. முன் வரிசைப் பட்டும் ஜிப்பாவும் எழுந்து, பிசிபேளாபாத் வாசனை வந்த திசையில் வரிசையாக நகர்ந்தன. ஒரு பெரியவர் அவளைக் கடக்கும்போது நின்று, "நீ சொல்றது நெஜமாவே இருக்கலாம்மா. அதுக்குன்னு நாலு பேர் முன்னாடியா?" என்று அலுத்துக்கொண்டார். வைத்தீஸ்வரன் மேடையேறி, மாலையைத் தானே எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த போட்டோக்காரரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மெலிந்த பெண், மூக்குத்தி, இருபது இருபத்தொன்று வயது. ஓரத்து மேஜையில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தவரிடம் நேராகப் போனாள்.

"என் சர்டிபிகேட்ட குடுங்க. ஒரிஜினல்."

"எதுக்கும்மா?"

"எனக்கு வேணும்."

அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்து நின்றார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்து ஃபைலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர்தான். ஐந்தாவதாகப் பிரபா போய் நின்றான்.

மேனேஜர் பல்லைக் கடித்தார். "தம்பி, யோசிச்சுக்கோ. மஸ்கட் விசா ரெடி. அடுத்த வாரம் டிக்கெட். இப்ப இதை வாங்கினா ஜென்மத்துக்கும் இந்த ஆபீஸ் படி ஏற முடியாது."

"ஏறல" என்றான் பிரபா. கையை நீட்டினான். "பாஸ்போர்ட்டக் குடு." மேனேஜர் அதை எடுத்து மேஜைமேல் எறிந்தார்.

வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. மூவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். ரோஜா பேட்ஜைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டாள் பாஞ்சாலி. அவள் அழவில்லை. நிறுத்தத்தின் நிழலில் நின்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பல்லு ஒடஞ்சதுன்னியே கண்ணு. வலிக்குதுன்னு சொன்னானா?"

"சொல்லலம்மா. சூடா டீ குடிக்க முடியலன்னு மட்டும் சொன்னான்."

பாஞ்சாலி தலையை ஆட்டிக்கொண்டாள். மகனுக்கு டீ எவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் ஜெனிஃபர். "நான் அப்பவே வந்திருக்கணும்."

"ம்" என்றாள் பாஞ்சாலி. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று பார்ப்பவளைப் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தை மாசம் எனக்கு ஒரு கவரு வந்துது. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டி. எனக்குப் படிக்கத் தெரியாது. எம் மவன் இவங்க வண்டிதானே ஓட்டினான்னு இந்த மேனேஜர்கிட்டதான் எடுத்துக்கினு போயிக் காட்டினேன். மேலயும் கீழயும் பாத்தான். போலீஸ் நோட்டீஸு, வண்டி திருடினதுக்கு வந்திருக்கு, யாருக்கும் காட்டாத, எங்கிட்டக் குடு கிழிச்சுப் போட்டுடறேன்னான்."

"குடுத்துட்டீங்களா?" என்றான் பிரபா.

"குடுக்கல. நானே கிழிச்சிக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கிழிக்கவும் மனசு வல்ல, பிரிக்கவும் பயம். அரிசி டப்பாக்குள்ள கெடக்குது."

ஜெனிஃபர் அவள் பக்கம் திரும்பினாள். "கவர் மேல ஏதாவது படம் இருந்துச்சாம்மா? முத்திரை மாதிரி?"

"இருந்துது. செவப்புக் கலர்ல ஒரு பொற. நம்ம மூணாம் பொற மாதிரி."

எல்லையில் பதினான்கு நாள் அவள் படுத்திருந்த நிவாரணக் கூடாரத்தின் மேல் அந்தச் சிவப்புப் பிறைதான் இருந்தது. காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டவர்கள் சட்டையிலும் அதுதான். காயம்பட்டவர்களுக்காகவும் கடிதம் எழுதினார்கள். செத்தவர்களுக்காகவும் எழுதினார்கள்.

மேனேஜருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. வளைகுடாவில் பத்து வருஷம் இருந்தவன்.

"அது போலீஸ் இல்லம்மா" என்றாள் மெதுவாக. "அது ஆஸ்பத்திரிக்காரங்க."

பாஞ்சாலியின் கை மறுபடி அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"அதுல என்ன எழுதியிருக்கும் கண்ணு? நல்லதா, கெட்டதா?"

நோயாளிகளின் தாய்மார்களுக்குச் சொல்ல நர்ஸ்களிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். ஜெனிஃபர் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"தெரியலம்மா."

அத்திபெலேக்கு மாறிப் போக வேண்டிய மார்க்கெட் பஸ் வளைவில் திரும்பியது. நிற்காமல் போய்விடும் என்று பயந்தவனாகப் பிரபா நடுரோட்டில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.